பப்பாளிக் காம்பு மெழுகுவர்த்தி

சூடான மெழுகு பச்சைப் பப்பாளிக் காம்புக்குள் இறங்கும்போது ஒரு வாசனை வரும். பாலும் புகையும் கலந்தது போல, அடியில் கொஞ்சம் கசப்போடு இருக்கும். காம்பின் தோல் லேசாக வெந்து, உள்ளே "சுர்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். நவம்பர் முதல் வாரத்தில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டு முழுக்க அந்த வாசனைதான். துணியில் ஏறும், சோற்றில் ஏறும், என் பாடப்புத்தகத்தின் பக்கங்களில் ஏறினால் கோடை விடுமுறை வரைக்கும் போகாது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மற்றவர்கள் இப்படிப்பட்ட வாசனைகளை நினைத்து உருகுகிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை.

உழவர்கரைப் பக்கம் நான் இப்போது குடியிருக்கும் நகரின் சங்கத்தார் ஆண்டு மலர் போடுகிறார்கள். வீட்டில் பழைய பொருள்களை மறுபடி பயன்படுத்துவது எப்படி, சிக்கனமாக இருப்பது எப்படி என்று நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்க அந்தக் காலத்து ஆளு, சார். உங்ககிட்ட நெறைய டிப்ஸ் இருக்கும்" என்றார் செயலாளர். நானும் ஒப்புக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். தேய்ந்த சோப்பு, கிழிந்த கைலி, காலி பாட்டில் என்று வரிசையாகச் சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டு போனவன், மெழுகுவர்த்தி என்று எழுதியதும் நின்றுவிட்டேன். அந்த இரண்டு பக்கங்களின் பின்புறத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் புதுச்சேரி நகரத்துக்குள், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பஞ்சாலையில் வேலை செய்தார். அம்மா, பெயர் ரோசாலி, எங்கள் பங்குக் கோயிலின் துணிகளைத் துவைத்துக் கொடுத்தாள். பீடத்தின் மேல் விரிக்கும் வெள்ளைத் துணிகள், சாமியாரின் அங்கிகள், பூசைக்கு உதவும் பையன்களின் சட்டைகள் எல்லாம் அவள் கையால் வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். எங்கள் வீட்டில் வடித்த கஞ்சியில் பாதி எங்களுக்குக் குடிக்க, பாதி பீடத்துத் துணிக்கு. "நம்ம வீட்டுச் சோத்துக் கஞ்சிமேலதான்டா சாமி எழுந்தருள்றாரு" என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டே சொல்வாள். "சக்கிறீஸ்து" என்று நாங்கள் சொல்லும், பூசைச் சாமான்கள் வைக்கும் அறையின் இன்னொரு சாவி அவளிடம் இருந்தது. அதைத் தாலிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கூலி சொற்பம். ஆனால் அந்தச் சாவி மற்றச் சாவிகளைப் போல இடுப்பில் தொங்கவிடும் பொருள் இல்லை என்று அவள் நினைத்தாள்.

அவள் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை. நகக்கண் அளவுக்குத் தேய்ந்த சோப்புத் துண்டுகளைத் தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்து, நீர் தெளித்து அழுத்திக் காயவைத்தால் அதில் ஒரு வாரம் ஓடும். அப்பாவின் கைலி நடுவில் நைந்தால் அதை நீளவாக்கில் கிழித்து, நையாத இரண்டு ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, இன்னும் ஒரு வருஷம் உடுத்த வைப்பாள். அதற்குப் பிறகு அது தலையணை உறை, பிறகு சட்டி இறக்கும் கந்தை, கடைசியில் தரை துடைக்கும் துணி. அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களின் வீடுகள் இருந்தன. "சொல்தா வீடு" என்போம். அங்கிருந்து வரும் காலி ஒயின் பாட்டில்கள் எங்கள் வீட்டில் நல்லெண்ணெயும் மண்ணெண்ணெயுமாக நின்றன. மண்ணெண்ணெய் பாட்டிலின் கழுத்தில் மட்டும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும், அவசரத்தில் யாரும் கை மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று. சங்கத்தின் செயலாளருக்கு வேண்டிய குறிப்புகள் இவைதான். எடுத்துக்கொள்ளட்டும்.

மெழுகுவர்த்திக்கு வருகிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் ஊர்க் கத்தோலிக்கர் எல்லோரும் கல்லறைக்குப் போய், அவரவர் வீட்டு இறந்தவர்களின் கல்லைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஏழைகள் ஒன்றிரண்டு வைப்பார்கள், சொல்தா வீட்டார் கல்லைச் சுற்றி வேலி கட்டினாற்போல வைப்பார்கள். மழைக்காலம் என்பதால் பாதி எரிந்து அணைந்தவை ஏராளம். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், பெருக்குகிறவர்கள் வருவதற்கு முன்னால், கல்லறைக் காவல்காரர் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவார். வேண்டிய பெண்கள் உள்ளே போய் மிச்ச மெழுகைச் சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. "ஆத்துமாக்களுக்கு எரிஞ்சது எரிஞ்சிடுச்சி, மிச்சத்துல புள்ளைங்க படிக்கட்டும்" என்று காவல்காரரே சொல்வார்.

அம்மா ஒரு மொண்ணைக் கத்தியோடும் பழைய உரச் சாக்கோடும் போவாள். கூடவே நானும் போவேன், ஏனென்றால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் கல்லிலிருந்து மெழுகை எடுத்தாலும் அந்த ஆத்துமாவுக்காக ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைப்பாள். யாருக்காகச் சொல்கிறோம் என்று பெயர் தெரியாமல் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. "யாருன்னு படிடா" என்பாள். நான் குனிந்து பாசியைத் துடைத்துப் படிப்பேன். தமிழில் இருந்தால் சரளமாக, பிரெஞ்சில் இருந்தால் தட்டுத் தடுமாறி. அவள் அந்தப் பெயரைத் தன் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, ஜெபத்தை முடித்து, பிறகு சுரண்டுவாள். இதை இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மெழுகு எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் மற்ற எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கல் கல்லாகத் தெரியும்.

வீட்டில் பால்பவுடர் டப்பாவில் மெழுகைப் போட்டு, டப்பாவைக் கொதிநீரில் நிறுத்தி உருக்குவாள். மண்ணும் எறும்பும் சாமந்தி இதழும் கரித்திரியும் பழைய பனியன் துணியில் தங்கிவிடும். அச்சுக்குப் பப்பாளி இலையின் காம்பு. அதுதான் இயற்கையிலேயே உள்ளே பொள்ளலாக இருக்கிறதே. திரிக்கு அப்பாவின் ஆலைக் கழிவு நூல், மூன்று புரியாக முறுக்கியது. ஆறியதும் காம்பைக் கீறி உரித்தால் உள்ளே மங்கலான வெள்ளையில், பச்சை ஓடிய ஒரு மெழுகுவர்த்தி. மழைக்காலத்தில் எந்த நேரத்திலும் கரண்ட் போகும் அந்த ஊரில், பரீட்சை முடியும்வரை எனக்கு வெளிச்சம் அதுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருஷம், கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். என் வகுப்பில் படித்த பாஸ்கால் நோட்டு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தான். சொல்தா வீட்டுப் பையன். எனக்கு அவன்மேல் ஒரு மயக்கம் இருந்தது. அவன் பேனா, அவன் ஷூ, வீட்டில் "பப்பா" என்று அவன் கூப்பிடுவது, எல்லாவற்றின் மேலும். அவன் உட்கார்ந்திருக்கும்போதே கரண்ட் போனது. அம்மா ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அதில் ஓரமாக ஒரு நீலக் கோடு ஓடியிருந்தது. பாஸ்கால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டார் பாரீஸிலிருந்து வந்த நீல மெழுகுவர்த்திகளைத் தாத்தாவின் கல்லில் வைப்பார்கள். ஊரில் வேறு யாரிடமும் அந்த நிறம் கிடையாது. "இது எங்க தாத்தாவோடது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் "கல்லறை". "டேய் கல்லறை, நேத்து எந்தப் பொணம்டா உனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துச்சு?" என்று ஒருத்தன் கேட்டான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சாம்பிராணி வாசனை வருகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் முதல் மார்க் வாங்குகிறவன். அதை அவர்களால் அதுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது அதற்கும் காரணம் கிடைத்துவிட்டது, செத்தவர்கள் வந்து சொல்லித்தருகிறார்களாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், இனிமேல் அந்த மெழுகுவர்த்தியை வைக்காதே என்று கத்தினேன். "கடையில வாங்குனா மட்டும் வேற வெளிச்சமா வருது?" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு. எடுப்பவர் உபதேசியார். கோயிலின் கணக்கு வழக்கு, சாமான்கள், பாட்டு, மணி எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளை வேட்டியில் கறை படக்கூடாதென்று பெஞ்சில்கூட கைக்குட்டை விரித்து உட்காரும் மனிதர். அன்று அவர் பாடம் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்காகச் சக்கிறீஸ்து அலமாரியில் வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்திக் கட்டுகள் காணவில்லை, யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். பிறகு பாஸ்கால் எழுந்தான்.

"சார், இவங்க வீட்ல நெறைய மெழுகுவத்தி இருக்கு."

அவன் என்னைத் திருடன் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எழவில்லை. அந்த அளவுக்கு அவன் யோசிக்கவும் இல்லை. "கல்லறையிலிருந்து" என்று என் வாயாலேயே நான் சொல்லவேண்டும், வகுப்பு முழுக்கச் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பையன்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பி, சிரிப்பை உதட்டில் அடக்கிக்கொண்டு தயாராக இருந்தார்கள். உபதேசியார் அருகில் வந்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன்.

இதுதான் நான் செய்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. அடிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் சிரித்திருப்பார்கள், வகுப்பு முடிந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து, ஒவ்வொரு கல்லிலும் குனிந்து பெயர் படித்த வாயால், தெரியாது என்றேன். உபதேசியாரின் முகம் மாறியதைப் பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. பாஸ்கால்கூடப் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மத்தியானமே உபதேசியார் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, முற்றத்தில் துணிக்கொடிக்கு அந்தப் பக்கமாக நின்றார். கொடியில் பீடத்துத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மெழுகுவர்த்திகளைக் கொண்டுவந்து காட்டினாள். காம்பின் தழும்பைக் காட்டினாள், ஆலை நூலைக் காட்டினாள். கடையில் வாங்கிய வர்த்தி இப்படியா இருக்கும் என்று கேட்டாள். உருக்கி ஊற்றினால் எது எப்படி வேண்டுமானாலும் இருக்கும் என்றார் அவர். காவல்காரரைக் கேளுங்கள் என்றாள். அவர் கேட்கவே தயாராக இல்லை. அவரிடம் ஒரு சாட்சி இருந்தது.

"கல்லறையில எடுத்ததுன்னா உம் புள்ளைக்குத் தெரியாதா, ரோசாலி? நாப்பது பையனுங்க முன்னால தெரியாதுன்னு சொல்றான்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஒரு கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்ப்பவள் போல அவள் பார்த்தாள். இவன் பொய் சொன்னான் என்றால், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இவன் பொய்யன். இவன் சொன்னது மெய் என்றால், தான் திருடி. அந்த இரண்டில் ஒன்றை எடுக்க அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் பிடித்தது.

"அவன் படிக்கிற புள்ளைங்க. அவனுக்கு இதெல்லாம் என்னா தெரியும், அவன உடுங்க" என்று சொல்லிவிட்டு, கழுத்துக் கயிற்றை முன்னால் இழுத்து, சாவியின் முடிச்சை அவிழ்த்தாள். ஈரக் கையால் முடிச்சு சட்டென்று அவிழவில்லை. உபதேசியார் அவிழும்வரை நின்று வாங்கிக்கொண்டு போனார். இனி அழுக்குக் கை படக்கூடாது என்று சொல்லி, கொடியில் இருந்த துணியையும், காய்ந்தும் காயாமலும், அவரே சுருட்டி எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உபதேசியாரை அடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, அம்மா தடுக்க, எங்கே காட்டுவது என்று தெரியாத கோபத்தை அடுப்பில் மெழுகோடு இருந்த டப்பாமேல் காட்டினார். ஒரே உதை. மெழுகு சமையற்கட்டுத் தரையெங்கும் ஓடி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து இறுகியது. என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. படிக்கிற பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அந்த வீட்டின் சட்டம் அப்படி. அப்பா வெளியே போனதும் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, அந்த மொண்ணைக் கத்தியால் தரையிலிருந்த மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தாள். மூலை முடுக்கு விடாமல் சுரண்டி, உதறி, மறுபடி டப்பாவில் போட்டு, மறுபடி உருக்கி, மறுபடி பனியனில் வடிகட்டினாள்.

அன்றும் கரண்ட் போனது. என் புத்தகத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தூரமா வெச்சிப் படி, முடி கருகிடப் போவுது" என்றாள். நான் படித்தேன். அந்த வருஷம் முழுக்க அந்த வெளிச்சத்தில் படித்து முதல் பரிசு வாங்கினேன். வெட்கமே இல்லாமல் வாங்கினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் சுவரோரமாக மெழுகுவர்த்திக் கட்டுகள் கிடந்தன, எலி இழுத்துப் போய்க் குதறியவை. இதைப் பீடத்தில் ஏறி யாரும் அறிவிக்கவில்லை. அம்மா திருடி என்பது தெருத் தெருவாகப் போனது. எலி திருடியது மட்டும் கோயில் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. உபதேசியார் ஒருநாள் வந்து, பழையதை மனசில் வைக்காமல் மறுபடி துணி எடுக்க வரச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் வெள்ளை வேட்டியைப் போலவே பத்திரமாக வைத்திருந்தார்.

"அழுக்குக் கைன்னு சொல்லி ஈரத்தோட எடுத்துக்கினு போனீங்களே. வேற கை பாத்துக்குங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் சொல்தா வீடுகளில் துணி துவைத்தாள், பாஸ்கால் வீடு உட்பட. அவன் ஷூவோடு போடும் காலுறையைக்கூட அவள் துவைத்தாள். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அவள் கல்லறைப் பக்கமே பிறகு போகவில்லை. பப்பாளி மரம் காற்றில் விழுந்தபோது வேறு கன்று வைக்கவும் இல்லை.

நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சர்க்கரை திருடியதைச் சொன்னேன், கெட்ட வார்த்தை பேசியதைச் சொன்னேன், இதைச் சொன்னதே இல்லை. கல்லூரி முடித்தேன், அரசு வேலைக்குப் போனேன், மேசைக்கு எதிரே நிற்கிறவர்களிடம் "தெரியாதுன்னு சொல்லாதீங்க, உண்மையச் சொல்லுங்க" என்று அதட்டும் பதவிக்கெல்லாம் வந்தேன். அம்மா கடைசி மூன்று வருஷம் என் வீட்டில்தான் இருந்தாள். சோப்புத் துண்டுகளை அங்கேயும் சேர்த்தாள். சேர்க்காதே, அசிங்கமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். கேட்க வேண்டியதை அவளும் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதை நானும் சொல்லவில்லை. அவளை அடக்கம் செய்து இருபது வருஷம் ஆகப்போகிறது.

போன வருஷம் என் மகள், வெள்ளைக்காரர் தெருக்கள் இருந்த பக்கம் ஒரு கடையிலிருந்து மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றியது. கழுத்தில் சணல் கயிறு, கயிற்றில் ஒரு அட்டை. எறியப்பட்ட மெழுகிலிருந்து செய்தது, பூமியைக் காப்போம் என்று அதில் எழுதியிருந்தது. நான்கு விருந்தாளிகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துப் பாராட்டினார்கள். நான் எழுந்து போய்விட்டேன். இதே காரியத்தைச் செய்த ஒருத்தியின் கழுத்திலிருந்து சாவியை வாங்கிக்கொண்ட ஊர் இது. பாராட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லட்டும். முதலில் நான் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துதான் எழுந்து போனேன்.

அந்த வருஷ நவம்பர் மூன்றாம் தேதி காலையில் கல்லறைக்குப் போனேன். காவல்காரர் இல்லை, பக்கத்துக் கதவும் இல்லை. ஒப்பந்த ஆட்கள் மாலைகளையும் மெழுகையும் பேட்டரி விளக்குகளையும் சேர்த்து ஒரே குவியலாக வண்டியில் வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையை நிரப்பிக்கொண்டேன். பப்பாளிக் காம்புக்கு மூன்று தெரு அலைந்தேன். உருக்கி ஊற்றினேன். வர்த்தி கோணலாக வந்தது, திரி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு பாதியில் மூழ்கிவிட்டது. மெழுகு இறுகும்வரை திரியை நேராக நிறுத்த அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தெரியாது மட்டும் உண்மை. அத்தனை வருஷம் அந்த வெளிச்சத்தில் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை எடுத்துக்கொண்டு அம்மாவின் நினைவு நாளன்று அவள் கல்லுக்குப் போனேன். நாலைந்து குச்சி கிழித்த பிறகு பிடித்தது. பக்கத்துக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், கோணலாக எரிவதைப் பார்த்துவிட்டு, "இது எங்கேர்ந்து வாங்குனது, பெரியவரே?" என்று கேட்டாள்.

"வாங்கலம்மா. இதே கல்லறையில பொறுக்குனது. எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அவள் கல்லைக் கழுவப் போய்விட்டாள். சிரிக்கக்கூட இல்லை. அதைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆனது.